இடப்பக்கம் தாழ்ந்த பம்பர்

செய்தி வந்தபோது நான் கடையில் ஓர் அம்மாவிடம் இட்லிப் பானைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் டாக்டரின் மகள் ஸ்டெல்லா. அந்த நேரத்தில் அழைக்கிறவள் இல்லை அவள். "பாய் அங்கிள், டாடி போயிட்டாங்க. காலையில காபி குடிச்சாங்க, பேப்பர் படிச்சாங்க, அப்படியே சேர்லயே..." என்றாள். "இன்னா லில்லாஹி" என்று என் வாய் தானாகச் சொன்னது. கை மட்டும் இட்லிப் பானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாதான் அதை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "கடைய சாத்திட்டுப் போங்க பாய், நான் நாளைக்கு வர்றேன்" என்றார். யார் பெற்ற மகளோ, நன்றாக இருக்கட்டும்.

பல் மருத்துவர் சவரிமுத்துவைப் பற்றி உங்கள் தேவாலயத்தின் பங்கு மலரில் எழுத அவருடைய பங்கிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானோ தேக்காவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன், போதாக்குறைக்கு முஸ்லிம். "என்னை எழுதச் சொல்றியே, உங்க ஃபாதர் ஒத்துக்குவாராம்மா?" என்று கேட்டேன். "சனிக்கிழமையெல்லாம் நீங்கதானே அங்கிள் டாடிகூட இருந்தீங்க" என்றாள் ஸ்டெல்லா. அது சரிதான். கோயில் வளாகத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், நேரில் பார்த்தவர்கள் நீங்கள். செங்காங்கில் அவருடைய வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் மேல் தளத்தில் நடந்ததற்கு நான் ஒருவன்தான் சாட்சி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் யார் என்று தெரியும்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு பல் வலியில். என் கடைக்குப் பின்புறச் சந்தில் மாடிமேல் அவருடைய கிளினிக். கன்னம் வீங்கி, கண் கலங்கிப் போய் உட்கார்ந்து, "கீழ்ப்பல்லைப் பிடுங்கி எறிங்க டாக்டர்" என்றேன். அவர் ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எங்கே நீலம் ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். மேல்வரிசையில் ஒரு பல்லைத் தட்டியபோது நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். "வலிக்கிற இடம் ஒண்ணு, கெட்ட இடம் ஒண்ணு பாய். கீழ்ப்பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "என் வாய், என் பல்லு, எனக்குத் தெரியாதா?" என்றேன். "உங்க வாய்ங்கிறதாலதான் உங்களுக்குத் தெரியல" என்றார் சிரிக்காமல். மேல்பல்லைச் சரிசெய்தார். வலி போய்விட்டது. மறுநாள் நன்றி சொல்லப் போனவன் டீ குடித்துவிட்டு வந்தேன். அந்த டீ எங்களுக்குள் அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தது.

கோணலாக எது இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. என் கடைக்குள் நுழைந்தால் அடுக்கி வைத்த குண்டான்களில் எது சாய்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார், அப்புறம்தான் என்னைப் பார்ப்பார். பேசிக்கொண்டே நேராக்குவார். "டாக்டர், இது வியாபாரத்துக்கு வெச்சிருக்கேன், மியூசியத்துக்கு இல்ல" என்று கத்துவேன். காதில் விழாது. எதிரே சிரித்துப் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிற பழக்கமும் உண்டு. உங்களில் எத்தனை பேர் அவர் முன்னால் வாயை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர் வாங்கியது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், முன்னால் பளபளவென்று குரோம் பம்பர். சிங்கப்பூரில் இவ்வளவு பழைய வண்டியை வருடத்தில் சில நாட்கள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி நிற்க வேண்டியதுதான். "ஓட்டவே முடியாத காரை வாங்குறதுக்கு ஒரு மனசு வேணும் லா" என்று அவருடைய மனைவி லூர்து சொல்வார். வாங்கிய நாளில் எடுத்த படத்தைக் கிளினிக் சுவரில் மாட்டியிருந்தார். சவரிமுத்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார், லூர்து கைகட்டி முறைக்கிறார், காரின் முன்பக்கத்தில் குட்டி ஸ்டெல்லா பால் பல் விழுந்த ஓட்டையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தாக வேண்டும். அப்படித் தொங்கியது.

லூர்து இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் காரும் மட்டும். பிறகு ஸ்டெல்லா திரும்பி வந்தாள். அவளுடைய கல்யாணம் முறிந்துபோயிருந்தது. ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோயிலுக்குப் போனால் பூசை முடிவதற்குள் இரண்டு பேராவது, "மாப்பிள்ளை வரலையாம்மா?" என்பார்கள். தெரிந்தே கேட்பார்கள். இதை நான் அவளுக்காகச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது சுருக்கென்று பட்டால் படட்டும்.

வாகனங்களை மந்திரிக்கும் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பூசை முடிந்ததும் கார், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் வளாகத்தில் வரிசையாக நிற்க, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். என் கடை வேனையும் கொண்டுவரச் சொல்வார் சவரிமுத்து. "தீர்த்தத்துக்கு மதம் கிடையாது பாய்" என்பார். நானும் போய் நிற்பேன். அந்த ஆண்டு அவருக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று ஸ்டெல்லாவே மேல் தளத்திலிருந்து காரை இறக்கி, துடைத்து, வளாகத்துக்கு ஓட்டி வந்திருந்தாள். இறக்கும்போது வலது மூலை ஒரு தூணில் உரசிவிட்டது. பூசை முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

கீறலைப் பார்த்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாலடி பின்னால் நகர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பம்பரின் இடப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது. முகம் இருண்டுவிட்டது. "நீ கை வெச்சது எதுதான் உருப்பட்டிருக்கு?" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை, வளாகம் முழுக்கக் கேட்டது. "கல்யாணத்தையும் உடைச்ச. இப்ப காரையும் உடைச்சிட்ட."

பாடகர் குழுவின் ரோஸ்லின் அக்கா கையிலிருந்த பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு தலைகுனிந்தார். ஃபாதர் தீர்த்தக் குச்சியைத் தூக்கியபடி நின்றார். ஸ்டெல்லா அழவில்லை. சாவியைக் காரின்மேல் வைத்தாள். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அந்த வாரமே தெம்பனிஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செங்காங்குக்கும் தெம்பனிஸுக்கும் என்ன பெரிய தூரம்? ஒரு தூக்கம் போட்டால் ரயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனாலும் அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இவ்வளவு சின்ன ஊரில் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கும் பிடிவாதம் வேண்டும். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

"அவளைக் கூப்பிடுங்க டாக்டர்" என்பேன். "பம்பர் நேராகட்டும், கூப்பிடறேன்" என்பார். அதுதான் அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு. உடைந்தது சரியாகிவிட்டால் சொன்ன சொல்லும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார். பணிமனைக்குக் கொண்டுபோங்கள் என்றால், யாரும் தொடக்கூடாது, நானே செய்வேன் என்றார். பழைய காரின் பம்பரைத் தனியாளாகச் சரிசெய்ய முடியாது. ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் திருகை முடுக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை தோறும் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு நான் தூக்கிப் பிடிக்கப் போனேன். இங்கே வண்டிகளைப் பழுது பார்க்கக் கூடாது என்று சுவரில் பலகையே இருந்தது. "இது பழுது பார்க்கிறது இல்ல பாய், அட்ஜஸ்ட்மென்ட்" என்றார், பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர் மாதிரி.

கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கினார். அதைப் பம்பர்மேல் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை என்னை ஏற்றச் சொல்வார், இறக்கச் சொல்வார். "ஒரு நூல் மேல. ஐயோ, அது கயிறு பாய், நான் நூல்னு சொன்னேன்!" கடைசியில் குமிழி நடுவில் வந்து நிற்கும். கைகுலுக்கிக்கொள்வோம். அடுத்த வாரம் வேறு இடத்தில் நிறுத்தியிருப்பார், ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடும். மறுபடியும் முதலிலிருந்து. இப்படி எத்தனை சனிக்கிழமை போயிற்று என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் நான் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்த தேநீர் கைதவறிக் கீழே கொட்டியது. கொட்டிய டீ சிமெண்டுத் தரையில் ஒரே போக்காக ஓடி, ஓரத்துச் சாக்கடையில் போய் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தளத்தையே சாய்வாகப் போட்டிருக்கிறார்கள்! சாய்ந்த தரையில் நின்றுகொண்டு இத்தனை நாள் மட்டம் பார்த்திருக்கிறோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தரையை நம்பினது தப்பு. வண்டியோட உடம்பை வெச்சு அளக்கணும்" என்றார். விளக்கிலிருந்து பம்பர்வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் அப்போதும் தாழ்ந்துதான் இருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. அந்த வீட்டில் குடில் இல்லை, நட்சத்திரம் இல்லை. எனக்குத் தருவதற்காகக் கேக் மட்டும் வாங்கி வைத்திருந்தார், கடையில் வாங்கியது. லூர்து இருந்தவரை லூர்து செய்வார், பிறகு ஸ்டெல்லா செய்தாள். அன்றும் காரைப் பற்றித்தான் பேசினார். இடப்பக்கத்துக்கு இன்னும் ஒரு வாஷர் வைத்தால் போதும் என்றார். என் பொறுமை அறுந்துபோயிற்று. அதுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. உனக்குக் கார்தான் குஞ்சா? பெத்த பொண்ணு தெம்பனிஸ்ல தனியா உக்காந்திருக்கா, நீ இரும்புக்கு வாஷர் தேடற!"

அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, மற்றத் தட்டுகளோடு நேராக அடுக்கினார். நான் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அடுத்த இரண்டு சனிக்கிழமை நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பிறகு கூப்பிட்டார். "பாய், வர முடியுமா? தூக்கிப் பிடிக்க வேணாம். பார்க்க மட்டும் வாங்க" என்றார். போனேன். பம்பரை முழுவதுமாகக் கழற்றித் தரையில் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார். அதை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று. அவர் கையில் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த அந்த நீலத் தாள். தாங்கிக்கும் வண்டிக்கும் நடுவில் அதை வைத்து முடுக்கி, பிறகு திறந்து பார்த்திருக்கிறார். வலது தாங்கியில் நீலம் சமமாகப் படிந்திருந்தது. இடது தாங்கியில் ஓர் ஓரத்தில் மட்டும். "கடி சரியில்ல பாய்" என்றார். பல் சுரண்டும் கொக்கியால் இடது தாங்கியின் கறுப்புப் பெயிண்டை அவர் மெல்லச் சுரண்ட, அடியில் பழைய வெல்டிங் தழும்பு தெரிந்தது. யாரோ எப்போதோ உடைத்து, ஒட்ட வைத்து, மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். ஒட்டு விரிந்து, விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது.

"துரு ஒரு நாள்ல வராது" என்றார். "ஸ்டெல்லா இடிச்சது வலப்பக்கம். அது வெறும் கீறல். இது அவ செஞ்சது இல்ல பாய். இது அவ பொறக்கறதுக்கு முந்தியே உடைஞ்சதா இருக்கும்."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "வலிக்கிற இடம் ஒண்ணு, கெட்ட இடம் ஒண்ணு, இல்லையா டாக்டர்?" என்றேன். அவர் அப்படியே அந்தச் சாய்ந்த தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர் தரையில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலை இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனோம். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி விளக்குக்குக் கீழே பிடித்தார். குட்டி ஸ்டெல்லா சிரிக்கிறாள், அவளுடைய கால்கள் தொங்குகின்றன, காலுக்குக் கீழே பம்பர். இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. வாங்கிய நாளிலேயே தாழ்ந்திருக்கிறது. ஊரார் பல்லில் ஒரு மயிரிழைக் கோணலைக் கண்டுபிடிப்பவர், வாயைத் திறந்து படுத்திருந்த அத்தனை பேரும் பார்த்த படத்தில் அதைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. படத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். அது கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. அவர் அதைச் சரிசெய்யாமல் படியிறங்கினார்.

"இப்பவே ஃபோன் போடுங்க. தப்பு என்மேலதான்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுது" என்றேன்.

"நான் எங்க வெச்சு சொன்னேன் பாய்?"

"கோயில் வளாகத்துல."

"அப்போ அங்கதான் எடுக்கணும். எல்லார் முன்னாடியும் போட்டதை வீட்டுக்குள்ள வெச்சு எடுத்தா, வெளியில கிடக்கிறது அப்படியேதான் கிடக்கும்."

ஃபாதருக்கு இது பிடிக்கவில்லை. குடும்ப விஷயம், வீட்டிலேயே பேசிக்கொள்ளலாமே என்றார். "வீட்டுல பேசியிருந்தா வீட்டுலயே பேசிக்கலாம் ஃபாதர்" என்றார் சவரிமுத்து. அதற்குப் பிறகு ஃபாதர் மறுக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குச் சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். "அவளை வரவழைச்சு அவ முன்னாடி நடிக்கக் கூடாது. அன்னைக்குக் கேட்டவங்க கேட்டாப் போதும்."

முதல் ஞாயிறு உங்களுக்கே தெரியும். பூசை முடிந்து நீங்கள் வெளியே வந்தபோது, அந்தத் துருப்பிடித்த தாங்கியைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். துண்டைப் பிரித்துக் காட்டினார். "என் மக காரை உடைச்சான்னு இங்க நின்னு சொன்னேன். அவ உடைக்கல. இது பழைய உடைசல். நான் சொன்னது பொய்" என்றார். உங்களில் சிலர் இரும்பை வாங்கித் தடவிப் பார்த்தீர்கள். ஒருவர், "ஆமா டாக்டர், ஓல்ட் வெல்டிங்தான்" என்று சான்றிதழே கொடுத்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

யாரோ ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை மேல் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தது, அவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். நாங்கள் அப்போது ஆங் மோ கியோவில் ஒரு சீனப் பெரியவரிடம் செய்வித்த புதுத் தாங்கியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். சவரிமுத்து எழுந்தார். அவள் கிட்டே வரவில்லை.

"கார் நான் உடைக்கல. சரி டாடி. அதுக்கு ப்ரூஃப் இருக்கு, எல்லாருக்கும் காட்டிட்டீங்க." நிறுத்தினாள். "கல்யாணம்?"

நான் பம்பரின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். அவர் சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிடுவாரா என்பதுதான் தெரியவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத மனிதர். எக்ஸ்ரே பார்க்காமல் பல்லைத் தொடமாட்டார்.

"அதுவும் நீ உடைக்கல" என்றார்.

"என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதே. நீங்க கேட்கவே இல்லையே."

"கேட்கல. இனியும் கேட்க மாட்டேன், நீயா சொன்னாத்தான். அதுக்கு நான் இரும்பைப் பார்க்கணும்னு இல்லம்மா. நீ என் பொண்ணு. அது போதும்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் போய் அணைக்கவில்லை, கட்டிப்பிடிக்கத் தெரியாத மனிதர். கிரீஸ் கையோடு பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "விடுங்க அங்கிள், உங்களுக்குத் தோள் வலிக்கும். நான் பிடிக்கிறேன்" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து நான் டீ வாங்கி வருகிற ஆள் ஆனேன்.

மறுநாள் அவர் திரும்பவும் வளாகத்தில் நின்றார். ஃபாதர் என்னைப் பார்த்து, இன்றுமா என்பது போலக் கையை விரித்தார். முந்தின வாரம் அவர் கையில் இரும்பு இருந்தது, எல்லோரும் கிட்டே வந்து பார்த்தீர்கள். இந்த வாரம் கையில் எதுவும் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா வாசற்படியில் நின்றாள். "போன வாரம் பாதிதான் சொன்னேன். எது சொல்லச் சுலபமோ அதை மட்டும் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். "என் மக கல்யாணத்தை உடைச்சான்னும் இங்க சொன்னேன். அதையும் எடுத்துக்கிறேன். இதுக்கு என்கிட்ட காட்ட எதுவும் இல்ல. என் வார்த்தைதான் இருக்கு. யாராவது இனி அவகிட்ட எதையாவது கேட்கணும்னா முதல்ல என்கிட்ட வாங்க." அன்று யாரும் கிட்டே வரவில்லை. ரோஸ்லின் அக்கா மட்டும் ஸ்டெல்லாவிடம் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

பம்பர் நேராயிற்றா என்று கேட்பீர்கள். ஆயிற்று, கிட்டத்தட்ட. அப்பாவும் மகளும் ஒவ்வொரு முனையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டே அதை நேராக்கினார்கள். கடைசியில் ஒரு தீக்குச்சி கனம் வித்தியாசம் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "போதுமா டாடி?" என்றாள். நாலடி பின்னால் போனார், கண்ணை இடுக்கினார், திரும்பி வந்தார். "போதும்மா" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஸ்டெல்லா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த காலம் நீளமானது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் கிடைத்தது, குடிலோடும் ஸ்டெல்லா செய்த கேக்கோடும்.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்த அன்று, ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்கார அம்மா ஒருவர், ஸ்டெல்லா காதில் விழும்படியே, "மாப்பிள்ளை எங்க காணோம்? மாமனார் சாவுக்குக்கூட வரலையா?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழுந்திருப்பதற்குள் ரோஸ்லின் அக்கா ஜெபமாலையை மடியில் வைத்தார். "அதை டாக்டர்கிட்டதான் கேட்கணும்னு எங்க எல்லாரையும் நிக்க வெச்சு சொல்லியிருக்காரு. அங்க இருக்காரு, போய்க் கேளுங்க" என்று பெட்டியைக் காட்டினார். அந்த அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். வளாகத்தில்தான் எடுக்க வேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுவதுமாக விளங்கியது. தான் இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் நின்றிருக்கிறார்.

மண்டாய் தகனச் சாலைக்குப் போகும்போது சவ ஊர்திக்குப் பின்னால் பச்சைக் காரை ஸ்டெல்லா ஓட்டினாள். இந்த ஆண்டு ஓட்டக் கிடைத்த நாட்களில் அன்றைக்கு ஒன்று போயிற்று. பக்கத்து இருக்கையில் நான். பம்பரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தீர்த்தத்துக்கு மதம் கிடையாது என்றவர் அவர். துஆ என்கிற எங்கள் பிரார்த்தனைக்கும் கிடையாது என்று நம்பி அவருக்காகக் கேட்கிறேன்.

அந்தப் பழைய தாங்கியை எனக்குத் தரட்டுமா என்று ஸ்டெல்லா கேட்டாள். வேண்டாம் என்றேன். அது அவளுடையது, அவள் செய்யாததற்குச் சாட்சி. என்னிடம் இருப்பது இரண்டாவது ஞாயிறு. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், மகளுக்காக ஊர் முன்னால் நின்ற என் நண்பர். எனக்கும் மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.